திருப்பிச் சொல்லக் கூடாத எண்

அந்தப் பெண் வந்து இறங்கியது ஒரு திங்கட்கிழமை காலை. ஜீப்பிலிருந்து முதலில் பெரிய பை ஒன்று விழுந்தது. பிறகு ஒரு ரப்பர் பூட்ஸ். பிறகு இன்னொரு பூட்ஸ். கடைசியாக அவள். மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்டர்ன்ஷிப்புக்கு வந்திருக்கேன். ஆறு வாரம்."

யார் என்ன கேட்டாலும் அதையே சொன்னாள். காப்பியா டீயா என்று சமையல்காரர் கேட்டதற்கும் "ஆறு வாரம்" என்றுதான் வாயில் வந்தது. அன்றைக்கே அவளுக்கு 'ஆறு வாரம்' என்று பெயர் விழுந்துவிட்டது.

எங்கள் ஆய்வு நிலையம் காட்டின் விளிம்பில் இருக்கிறது. தகரக் கூரை போட்ட நாலு அறை. ஓர் அறையில் இலைகளைக் காயவைக்கும் பெட்டி இரவு பகலாக உறுமிக்கொண்டிருக்கும். மற்ற மூன்றிலும் எதுவுமே காயாது. துணி, செருப்பு, தலையணை எல்லாவற்றிலும் ஒரே பூசண வாசனை. இருபத்திரண்டு வருஷமாக அங்கே எனக்கு வேலை: வழி வெட்டுவது, கயிறு கட்டுவது, ஆணி அடிப்பது, படித்தவர்கள் வழுக்கி விழுந்தால் தூக்கி நிறுத்துவது.

எங்கள் வேலைமுறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடந்தது விளங்காது.

காட்டுக்குள் ஒரு சதுரத்தைக் கயிறு கட்டிப் பிரித்து வைத்திருக்கிறோம். பிளாட் என்போம். அதற்குள் நிற்கிற ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் உண்டு. எண்ணை அலுமினியத் தகட்டில் பொறித்து மரத்தில் அடித்திருப்போம். ஆணியை முதலில் இரண்டு முறை மெதுவாகத் தட்டி நிலைக்கவைக்க வேண்டும். மூன்றாவதுதான் அடி. நெஞ்சு மட்டத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு வளையம் இருக்கும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போய், அந்த வளையத்தின்மேல் நாடாவைச் சுற்றி, மரம் எவ்வளவு பருத்திருக்கிறது என்று அளப்போம். அளக்கிறவர் எண்ணையும், சென்டிமீட்டரில் சுற்றளவையும் சத்தமாகச் சொல்வார். எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதி, ஓரத்தில் ஒரு டிக் போடுவார். திருப்பிச் சொல்லாத எண் செல்லாது. எழுதிய வரியை அழிக்கக் கூடாது. அடுத்த முறை வருகிறவன் புத்தகத்தில் உள்ள எல்லா எண்ணையும் தேடிப் பார்த்தாக வேண்டும். 'இருக்கிறது', 'பட்டுப்போனது', 'காணவில்லை' மூன்றில் ஒன்றை எழுதாமல் புத்தகம் முடியாது.

நாள் முழுக்க இப்படிச் சொல்லிச் சொல்லி அது ஒரு பழக்கமாகிவிடும். கடைக்காரர் கணக்குச் சொன்னால்கூட வாய் தானாகத் திருப்பிச் சொல்லும். என் மச்சான், அதாவது என் தங்கச்சியின் வீட்டுக்காரர், இதை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். அவரும் என்னோடுதான் வேலை பார்த்தார். அளந்து சொல்வதில் அவருக்கு ஈடு கிடையாது. சொல்வதற்கு முன் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார். கடைசி எழுத்தை இழுப்பார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, வாய்க்கு வந்த ஓர் எண்ணை உரக்கச் சொல்வார். அடுப்படியிலிருந்து தங்கச்சி திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் உள்ளே வருவார். அவர்களுக்குள் அப்படி ஒரு விளையாட்டு.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த மச்சான் பிளாட்டுக்குள்ளேயே காணாமல் போனார்.

அதற்குக் காரணம் நான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முப்பத்தெட்டு வயது வரை எனக்கு எழுத்து தெரியாது. தங்கச்சிதான் கற்றுக்கொடுத்தாள். மரத்தகடுகளில் எண்ணைப் படித்தேன், பிறகு பெயர்களைப் படித்தேன். போன கணக்கெடுப்பின்போது, எழுத வேண்டிய மாணவன் காய்ச்சலில் படுத்துவிட, புத்தகம் முதல்முறையாக என் கைக்கு வந்தது. அன்று எனக்குக் கால் தரையில் படவில்லை. கடைசி மூலையில் நானூற்றிப் பதினாறாம் மரத்தை எழுதி முடித்தேன். பையில் அடுத்த தகடு மிச்சம் இருந்தது.

"மச்சான், பெரிய எழுத்தாளரா ஆயிட்டீங்க. எங்க, என்னை எழுதுங்க பாப்போம்," என்றார் மச்சான். என்னை அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். தகட்டைக் கம்பியில் கோத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "நானும் இங்க பத்து வருஷமா நிக்கிறேன். நானும் மரம்தான்."

நான் பெயிண்டை விரலில் தொட்டு அவர் சட்டையைச் சுற்றி மஞ்சளாக இழுத்தேன். நாடாவைச் சுற்றினேன். அவரே செருமிக்கொண்டு சொன்னார்: "நானூத்திப் பதினேழூ... எண்பத்தாறூ..." சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் திருப்பிச் சொன்னேன். எழுதினேன். மரத்தின் பெயர் என்ற கட்டத்தில், எழுத்துக் கூட்டி, 'மச்சான்' என்று எழுதினேன். டிக்கும் போட்டேன்.

சுத்தியலைப் பின்னால் விட்டுவிட்டேன் என்று சொல்லி அவர் இருபது அடி தள்ளிப் போனார். சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

ஒன்பது நாள் தேடினார்கள். யாரோடோ ஓடிவிட்டான் என்று பேசினார்கள். தங்கச்சி மட்டும் நம்பவில்லை. "அவர் எங்கயோ இருக்காரு அண்ணா. ஒருநாள் வாசல்ல நின்னு கூப்பிடுவாரு," என்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இப்போது ஆறு வாரம் வந்திருப்பது அதே பிளாட்டை மறுபடி அளக்க.

அவள் நல்ல உழைப்பாளி. அட்டை கடித்து ரத்தம் வழிந்தாலும் "இது என்ன, ஒட்டிக்கிட்டு இருக்கு, சொந்தக்காரன் மாதிரி," என்று பிய்த்துப் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போவாள். நான் அளந்து சொல்வேன், அவள் திருப்பிச் சொல்லி எழுதுவாள். பதினெட்டு நாளில் நானூற்றிப் பதினாறு மரமும் முடிந்தது. அன்று மதியம் பழைய தாளைப் பார்த்துவிட்டு அவள் கடகடவென்று சிரித்தாள்.

"அண்ணா, நானூத்திப் பதினேழு என்ன மரம்னு போட்டிருக்கு பாருங்க. மச்சான்! இதுக்கு லத்தீன்ல என்ன பேரோ?"

"அது தப்பா எழுதினதும்மா. அப்படி ஒரு மரம் கிடையாது. விட்ருங்க."

"கிடையாதுன்னா கிடையாதுன்னு எழுதிடலாம். ஆனா போய்ப் பாத்துட்டுத்தானே எழுதணும்? இது முடியாம டாக்டரம்மா எனக்கு சர்டிபிகேட் தர மாட்டாங்க."

டாக்டரம்மா என்றால் எங்கள் நிலையத்தின் தலைமை ஆய்வாளர். சொன்னால் சொன்னதுதான். நானும் யோசித்தேன். போய்ப் பார்ப்போம், வெறும் மண்தான் இருக்கும், 'காணவில்லை' என்று எழுதுவோம், அத்தோடு அந்த வரி தீரட்டும். இந்தப் பெண்ணைப் பத்திரமாக ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டால் போதும்.

ஐந்து வருஷம் கழித்து அந்த மூலைக்குப் போனேன்.

மதியம் இரண்டு மணி. மேலே எங்கேயோ வெயில் அடித்திருக்கலாம். கீழே வந்து சேரவில்லை. கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி ஒரு பச்சை இருட்டு. இத்தனை நாள் காதைத் துளைத்த பூச்சிச் சத்தம் அந்த மூலையின் கயிற்றைத் தாண்டியதும் நின்றுபோனது. காதுக்குள் என் ரத்தம் ஓடுவது எனக்கே கேட்டது.

"அண்ணா, இருக்கே!" என்றாள்.

இருந்தது.

மச்சான் கடைசியாகப் போன அதே இருபது அடி தூரத்தில் ஒரு மரம். வெட்டுவாயின் வாசனையை வைத்தே மரத்தைச் சொல்லிவிடுகிறவன் நான். இது என்ன மரம் என்று எனக்குத் தெரியவில்லை. பட்டை வழவழவென்று, வெயிலில் கறுத்த மேனி மாதிரி இருந்தது. தகட்டை ஆணியில் அடித்திருக்கவில்லை. கம்பியில் கோத்துத் தொங்கியது. அந்தக் கம்பி பட்டைக்குள் பாதி புதைந்திருந்தது. நெஞ்சு மட்டத்தில் மஞ்சள் வளையம். பிரஷ்ஷால் போட்டதல்ல. ஒரு விரல் அகலம்.

என் விரல் அகலம்.

"கிட்ட போகாதம்மா."

"ஏன், பாம்பா?"

"வேணாம்னா வேணாம்."

"அண்ணா, நீங்க எழுதுங்க. நான் அளக்கறேன். ரெண்டு நிமிஷம்." புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். நாடாவின் கொக்கியைப் பட்டையில் குத்தி, ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடித்தாள். "நானூத்திப் பதினேழு. தொண்ணூத்தி ஒண்ணு புள்ளி ரெண்டு."

நான் வாயைத் திறக்கவில்லை.

"இருங்க இருங்க. தொண்ணூறு புள்ளி நாலு. இல்ல... மறுபடி தொண்ணூத்தி ஒண்ணு. நாடா நழுவுதா என்னன்னு தெரியல." குனிந்து உற்றுப் பார்த்தாள். "தொண்ணூறு புள்ளி நாலு... தொண்ணூத்தி ஒண்ணு புள்ளி ரெண்டு..."

நாடா நழுவவில்லை. இறுகியது. தளர்ந்தது. இறுகியது. தளர்ந்தது.

தூங்குகிறவனின் நெஞ்சு மாதிரி.

அவளுக்கும் புரிந்துவிட்டது போலிருந்தது. சிரிப்பு போய்விட்டது. நாடாவை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து என்னிடம் வந்தாள். "காணவில்லைன்னு எழுதிட்டுப் போயிடலாம் அண்ணா," என்றாள் மெதுவாக. நான் எழுதாமல் நிற்பதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தானே வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, எழுதினாள். நான் அவள் இடது பக்கம் ஒட்டி நின்றிருந்தேன்.

அப்போது புகையிலை வாசனை வந்தது. மச்சான் போடும் புகையிலை.

வலது பக்கம், மரத்துக்குப் பின்னால், யாரோ இரண்டு முறை தொண்டையைச் செருமினார்கள்.

"நானூத்திப் பதினெட்டூ... எழுபத்தாறூ..."

பதினெட்டு நாள் பழக்கம். அவள் தலையைக் கூடத் தூக்கவில்லை.

"நானூத்திப் பதினெட்டு, எழுபத்தாறு," என்று திருப்பிச் சொன்னாள். 418 என்று எழுதினாள். பிறகுதான் பென்சில் நின்றது. என்னைப் பார்த்தாள். என் வாய் மூடியிருந்தது.

"அண்ணா... நீங்கதானே சொன்னீங்க?"

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மழைக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்தைச் சுற்றியிருந்த நாடா அங்கே இல்லை. அது அவள் கக்கத்துக்குக் கீழே, நெஞ்சைச் சுற்றி, ஒரு சுற்று வந்து கச்சிதமாக நின்றது. நுனியைப் பிடித்திருக்கக் கை எதுவும் இல்லை. ஆனாலும் நாடா விறைப்பாக இருந்தது.

"நான் இதைச் சுத்தல," என்றாள். மூச்சு விட முடியாத குரல்.

நாடா இன்னும் கொஞ்சம் இறுகியது.

எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. எண் விழுந்துவிட்டது. அதை அழிக்க முடியாது. ஆனால் சுற்றளவுக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அதில் அவள் அளவான எழுபத்தாறு விழுந்தால் இந்தப் பெண் இங்கேயே நின்றுவிடுவாள். அவள் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கினேன். போன மாதம்தான் தையற்காரர் வேலைச் சட்டைக்கு என் நெஞ்சை அளந்து தொண்ணூற்று நாலு சென்டிமீட்டர் என்று சொல்லியிருந்தார்.

94 என்று எழுதினேன். மரத்தைப் பார்த்துக் கத்தினேன்: "நானூத்திப் பதினெட்டு! தொண்ணூத்தி நாலு!"

நாடா தொய்ந்து அவள் காலடியில் விழுந்தது.

பழக்கம் பொல்லாதது. அவள் உதடு விரிந்தது. திருப்பிச் சொல்லத்தான். நான் என் உள்ளங்கையால் அவள் வாயை இறுக்கமாகப் பொத்தினேன். அப்படியே தரதரவென்று இழுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டினேன். பூச்சிச் சத்தம் திரும்ப வந்து காதில் அறைந்தது. அதன் பிறகுதான் கையை எடுத்தேன்.

பின்னால் அந்தக் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. "நானூத்திப் பதினெட்டூ... தொண்ணூத்தி நாலூ..." காத்திருந்தது. மறுபடி சொன்னது.

நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது டாக்டரம்மா வாசலிலேயே புத்தகத்தை வாங்கி, பக்கங்களைப் படமெடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். "கடைசி வரியில டிக் விட்டுப்போச்சே," என்றார். இனி அந்தத் தாளைக் கிழித்துப் போடவும் வழியில்லை.

மறுநாள் காலை ஆறு வாரம் ஜீப்பில் ஏறினாள். வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். போட்டுக்கொள்ளவில்லை.

"யாரும் திருப்பிச் சொல்லலன்னா அது செல்லாதுல்ல அண்ணா?"

"செல்லாதும்மா. நீங்க போய்ப் படிங்க."

"நீங்க?"

"எனக்கென்ன. இந்த வயசுல நான் இனிமே பருக்கவா போறேன்."

அவள் சிரிக்கவில்லை. ஜீப் வளைவில் மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அந்தப் பெண் தப்பித்தாள். நான் என் வாழ்நாளில் எழுதியதில் உருப்படியான ஓர் எண் அந்தத் தொண்ணூற்று நாலுதான்.

நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்தேன். தங்கச்சியும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறாள். திரும்பி வர ஆறு மணி ஆகும்.

முதல் நாள் குளிக்கும்போது பார்த்தேன். நெஞ்சைச் சுற்றி மஞ்சளாக ஒரு கோடு, ஒரு விரல் அகலத்துக்கு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். தோல்தான் வழன்றது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலிக்கு வெளியே செருமல் கேட்டது.

"நானூத்திப் பதினெட்டூ... தொண்ணூத்தி நாலூ..."

நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய் முழுக்க ரத்தம். ஆறு மணி ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்போது நின்றது. தங்கச்சி வந்தாள். "என்ன அண்ணா, வாயில?" என்றாள். பல் வலி என்றேன்.

இரண்டாம் நாள் ஜன்னல்களைச் சாத்தி ரேடியோவை அலறவிட்டேன். மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் குரல் வேலிக்கு உள்ளே வந்திருந்தது.

அவளிடம் சொல்லிவிட வேண்டும். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் நீ வாயைத் திறக்காதே என்று சொல்ல வேண்டும். ஆனால் ஏன் என்று கேட்பாளே? எந்த வாயால் சொல்வது? 'உன் வீட்டுக்காரரை நான்தான் எழுதினேன், நீ கற்றுக்கொடுத்த எழுத்தால் எழுதினேன்' என்றா? ராத்திரி சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டு எழுந்துவிட்டாள். காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். வேலைக்குக் கிளம்பிவிட்டாள். ஐந்து வருஷம் தள்ளிப்போட்டவனுக்கு இன்னொரு நாளைத் தள்ளிப்போடுவது பெரிய காரியமா என்ன?

இன்று ஐந்தாம் நாள். வாயால் வராததை எழுதியாவது அவளிடம் கொடுத்துவிடலாம் என்று மதியமே இந்த மேஜையில் உட்கார்ந்தேன். 'நீ' என்று எழுதக் கூசியதால், யாரோ மூன்றாம் ஆளுக்குச் சொல்கிற மாதிரி மேலே உள்ளதெல்லாம் அப்போது எழுதியதுதான்.

பள்ளிக்கூடத்தில் இன்று தண்ணீர் வரவில்லையாம். நாலரைக்கே வந்துவிட்டாள்.

"என்ன அண்ணா, ஒரு பரீட்சைக்கு எழுதற மாதிரி எழுதிட்டு இருக்கீங்க?" என்று கிண்டலடித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் உருட்டும் சத்தம். இப்போது கொடுத்துவிடலாம் என்று தாள்களை அடுக்கினேன். "தங்கச்சி, ஒரு நிமிஷம் இங்க வா," என்றேன்.

"டீ போட்டுட்டு வரேன்."

மணி ஐந்து.

வாசற்படியில் இரண்டு செருமல்.

"நானூத்திப் பதினெட்டூ... தொண்ணூத்தி நாலூ..."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் "வேணாம்!" என்று கத்தினேன். கத்தியதாகத்தான் நினைத்தேன். கடித்துக் கடித்து வீங்கியிருந்த நாக்கு அந்த நொடியில் மரத்துப்போய், காற்றுதான் வந்தது.

ஐந்து வருஷம் காத்திருந்த குரலில், அழுகையும் சிரிப்புமாக, தங்கச்சி திருப்பிச் சொன்னாள்.

"நானூத்திப் பதினெட்டு! தொண்ணூத்தி நாலு!"

வாசலுக்கு ஓடினாள். ஆளைக் காணோம். படியில் ஏதோ கிடந்தது என்று எடுத்துக்கொண்டு வந்தாள். புதுத் தகடு. எண்ணைப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"அவர்தான் அண்ணா! விளையாடறார். எங்கயோ ஒளிஞ்சுக்கிட்டு இருக்கார்," என்றாள். தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஓட்டை மட்டும் இருக்கு. ஆணி எங்க?"

அவளை மறுபடி வெளியே போகவிடாமல் பிடிக்க எழுந்தேன். எழுந்ததாக நினைத்தேன். கால் தரையைவிட்டு வரவில்லை. கை மட்டும் வருகிறது. அதனால்தான் இந்த வரிகளையும் எழுத முடிகிறது. அவள் தோட்டத்தைச் சுற்றி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். புகையிலை வாசனை அறை முழுக்க இருக்கிறது. என் நெஞ்சில், மஞ்சள் கோட்டுக்குச் சற்று மேலே, ஏதோ கூர்மையாக, சில்லென்று வந்து ஊன்றுகிறது.

டிக்.

டிக்.

தங்கச்சி ஜன்னலில் முகத்தை வைத்துக் கேட்கிறாள்: "உள்ள யாருண்ணா ஆணி அடிக்கிறது?"